காடா, காடாய்ப் போனதா

மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபடும் நாளில் கிளிநொச்சியில் பாதிப்பேர் குளக்கட்டில்தான் நிற்பார்கள். கச்சான் விற்பவரும் வருவார், கைபேசியில் படம் எடுக்கிற பிள்ளைகளும் வருவார்கள். அப்படி ஒரு நாளில், உருத்திரபுரத்தில் வயல் செய்யும் என் சித்தப்பா, மண்ணிறமாய்ச் சீறிப் பாய்கிற தண்ணீரைப் பார்த்து, "எவ்வளவு தண்ணி வீணாப் போகுது" என்று பெருமூச்சு விட்டார். பக்கத்தில் நின்றவர் சுண்டிக்குளம் பக்கம் இறால் பிடிக்கிறவர். "உங்களுக்கு வீண் அண்ணை. கனகராயன் ஆத்துத் தண்ணி களப்புக்கு வராட்டி எங்களுக்கு இறால் எங்கயிருந்து வாறது?" என்றார். சித்தப்பாவிடம் பதில் இல்லை. கச்சான் சரையை அவர் பக்கம் நீட்டினார்.

அந்த "வீண்" என்ற சொல்லைக் கொஞ்சம் கிண்டிப் பார்க்கலாம் என்று அன்றே நினைத்தேன். சித்தப்பா அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட பராக்கிரமபாகு, மழையாய் விழுகிற நீரில் ஒரு சிறிதும் மனிதருக்குப் பயன்படாமல் கடலைச் சேரக்கூடாது என்று சொன்னதாகப் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது. இலங்கையில் நீர்ப்பாசனம் பற்றிப் பேச எழும்பும் எவரும் இதைச் சொல்லாமல் உட்கார்வதில்லை. ஓர் அரசனின் பொறுப்பு என்று வாசித்தால் நல்ல வாக்கியம்தான். ஆனால் மனிதன் கைபடாத நீருக்குப் பயனே இல்லை என்ற துணிபு அதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இறாலும் சுண்டிக்குளத்துப் பூநாரையும் அந்தக் கணக்கில் வரவில்லை. இறால் பிடிக்கிற மனிதன்கூட வரவில்லை.

மனிதனுக்கும் இயற்கைக்கும் என்ன உறவு என்ற கேள்வியைப் பெரிய புத்தகங்கள் பெரிய சொற்களில் கேட்கின்றன. இலங்கையின் வடக்கே காடும் குளமுமான எங்கள் வன்னியில் அந்தக் கேள்வி காணி உறுதிப் பத்திரத்திலும், வாய்க்கால் தகராறிலும், யானை மிதித்த வயலிலும் வரும். அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். "இயற்கை" என்றால் இன்று நமக்கு மரம், மலை, அருவி, நாட்காட்டிப் படம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் அந்தச் சொல் வருகிற இடம் வேறு. அங்கே அது வாக்கியம் அமைப்பது பற்றிய ஒரு விதியில் வருகிறது. இயற்கைப் பொருளை "இற்று", அதாவது இப்படிப்பட்டது, என்று சொல்லவேண்டும். செயற்கைப் பொருளை "ஆக்கம்" சேர்த்து, ஆயிற்று, ஆனது என்று சொல்லவேண்டும். நிலம் வலிது, தீ வெய்து என்றால் இயற்கை. மண் குடமாயிற்று என்றால் செயற்கை. அதோடு விடவில்லை. ஆக்கச்சொல் வந்தால் அதற்குக் காரணத்தையும் முன்னே சொல்லவேண்டும் என்கிறது அடுத்த சூத்திரம். உரையாசிரியர்கள் இதற்குத் தரும் உதாரணம் வயலிலிருந்து வருகிறது: எருப் போட்டு, இளங்களை பிடுங்கி, நீர் பாய வாய்க்கால் கட்டியதனால் பயிர் நல்லவாயின.

ஒரு கமக்காரனைச் சந்தோசப்படுத்தக்கூடிய இலக்கண உதாரணம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு இரணைமடுக் கட்டுக்குத் திரும்பி வாருங்கள். இந்தக் குளம் "இற்று"-வா, "ஆயிற்று"-வா? 1902இல் வேலை தொடங்கி 1920இல் முடிந்த குளம். பிறகும் கட்டைப் பல தடவை உயர்த்தினார்கள். ஆக, செயற்கை. ஆனால் அதில் முதலை இருக்கிறது, நீர்க்காகம் இருக்கிறது, கரையில் மருது நிற்கிறது, கோடையில் வற்றிய தரையில் மாடு மேய்கிறது, யானை தண்ணீருக்கு இறங்குகிறது. நூறு வருடத்துக்கு முந்திய கூலிகளின் மண்கூடையை யாரும் நினைப்பதில்லை. வவுனிக்குளத்தில் நிலைமை இன்னும் சிக்கல். பழங்காலத்தில் கட்டி, உடைந்து, காடு மூடிக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரும்பக் கட்டிய குளம் அது. ஆக்கம், அழிவு, திரும்ப ஆக்கம். இந்தக் குளங்களைப் பற்றி எந்த வினைச்சொல்லில் எழுதுவது?

பொருளதிகாரத்துக்குப் போனால் கோடு இன்னும் மங்குகிறது. ஒரு திணைக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே மூச்சில் போகிறது பட்டியல். மரம் ஒரு பெட்டி, பறை வேறு பெட்டி என்று பிரிக்கவில்லை. காட்டில் நிற்கிற மானும் காட்டில் மனிதர் செய்கிற வேலையும் ஒரே நிலத்தின் "கரு". அந்த நிலத்துக்குரிய உரிப்பொருளோ மனிதரின் மனநிலை: முல்லைக்குக் காத்திருத்தல், நெய்தலுக்கு இரங்கல். (முல்லைத்தீவில் பிறந்த எங்களிடம் காத்திருப்பைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை.)

இதைச் சொல்லிவிட்டு, "பார், தமிழன் அன்றே சூழலியல் கண்டான்" என்று மேடையில் ஏறுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. திணை ஒரு கவிதை முறை. காடு வெட்டக்கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. காடு கொன்று நாடாக்கிக் குளம் தொட்டவனைப் பாராட்டுகிற பாட்டும் அதே மரபில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மரபில் ஒரு நுட்பத்தை நான் விடமாட்டேன். அது பாலை. தொல்காப்பியம் தெய்வத்தோடு சேர்த்து எண்ணுகிற நிலங்கள் காடு, மலை, வயல், கடற்கரை என்று நான்குதான். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்ற கோலம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. நான்கு "இற்று" நிலங்கள், ஒரு "ஆயிற்று" நிலம். வரலாறு உள்ள நிலம் என்றும் சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், வன்னியில் பாலை என்றால் வறட்சியே நினைவுக்கு வராது. எங்கள் பாலை, கோடையில் மஞ்சள் பழம் கொட்டுகிற மரம். திணைக்குப் பெயர் தந்த மரத்தை வெட்பாலை என்று பலர் கொள்கிறார்கள், அது வேறு இனம். எங்களுடையதைத் தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்பார்கள். வீரையும் பாலையும் முதிரையும் கருங்காலியும் நிறைந்த வறண்ட காட்டில் கரடிக்கும் குரங்குக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் பந்தி வைக்கிற மரம் அதுதான். பழம் தின்றால் பால் உதட்டில் ஒட்டும். கரடி ஏறியிருக்கிற மரத்தின் கீழே தெரியாமல் போய் நின்ற கதை ஒவ்வொரு ஊரிலும் ஒருவரிடமாவது இருக்கும்.

சரி, இனி "வீண்" என்ற சொல்லின் வேறொரு பயணத்தைப் பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மெய்யியலில் இரண்டு பெரிய அடிகள் வைக்கப்பட்டன. 1637இல் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், புதிய அறிவியலின் உதவியால் மனிதர் இயற்கையின் எசமானர்களும் உடைமையாளர்களும் போல ஆகலாம் என்று எழுதினார். சிந்திக்கிற மனம் ஒரு பக்கம், வெறும் பொருள் மறுபக்கம், விலங்குகளோ ஒருவகை எந்திரம். அதே நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஜோன் லொக் நிலத்துக்கு வந்தார். கடவுள் உலகத்தை எல்லாருக்கும் பொதுவாய்த் தந்தார், ஆனால் தன் உடலின் உழைப்பை நிலத்தோடு கலந்தவனுக்கு அந்த நிலம் சொந்தமாகிறது என்றார். மேய்ச்சலோ உழவோ நடுகையோ இல்லாமல் முழுக்க இயற்கையிடம் விட்ட நிலத்தை வீண்நிலம் என்கிறோம், அது அப்படித்தான் என்றும் எழுதினார்.

லொக்கைத் திட்டுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். வன்னிக் கமக்காரர் முக்கால்வாசிப் பேர் அவரை வாசிக்காமலே அவருடைய சீடர்கள். "காடு வெட்டினவனுக்குத்தான் காணி" என்பது எங்கள் ஊர் நியாயம். முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வந்தவர்களும், 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து ஒன்றுமில்லாமல் வந்து காடு வெட்டிக் குடிசை போட்டவர்களும் உறுதிப் பத்திரத்துக்கு முன்னே தங்கள் கைகளைத்தான் காட்டினார்கள். அந்த நியாயத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. லொக்கும் ஒரு வரம்பு வைத்தார்: மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில், மிஞ்சியிருக்கவேண்டும். காலனியவாதிகள் அவருடைய நிலக்கொள்கையை எடுத்துக்கொண்டபோது வரம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இலங்கையில் அது சட்டமாய் இறங்கிய ஆண்டு 1840. முடிக்குரிய, அதாவது பிரித்தானிய அரசுக்குரிய, காணிகளில் அத்துமீறுவதைத் தடுக்கும் அந்த வருடத்து 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, வீண்நிலம், குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் வேறு விதமாய் நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்று கொண்டது. கோப்பித் தோட்டத்துக்கு மலைநாட்டில் காணி தேவைப்பட்ட காலம் அது. ஆனால் சட்டத்தின் வாய் முழு நாட்டுக்கும் திறந்திருந்தது. கண்டிப் பகுதிக்கு வெளியே, சில ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடுகிற சேனை நிலத்தையும் காடு அல்லது வீண்நிலம் என்றே கணக்கிடச் சொன்னது. சேனை என்றால் காட்டை வெட்டி எரித்து, ஒன்றிரண்டு வருடம் குரக்கனும் சோளமும் எள்ளும் போட்டு, பிறகு மண் ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போவது. அந்த ஆறுகிற காலத்தில் நிலம் சும்மா கிடப்பதுபோலத் தெரியும். கமக்காரனுக்கு அது ஓய்வெடுக்கிற நிலம். சட்டத்துக்கு அது யாருமில்லாத நிலம். சேனைக்காரர் காட்டுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆட்கள் பெருகி இடைவெளி குறுகியபோது சேனை காட்டைத் தின்றது உண்மை. ஆனால் "வீண்" என்ற சொல் அந்தச் சேதத்தை அளந்து வரவில்லை. காணியை எடுக்க வந்தது.

அந்தத் தர்க்கம் பழசாகிவிட்டது என்று நினைத்தால், 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானியை, அதாவது அரசிதழ் அறிவித்தலை, நினைத்துப் பாருங்கள். வடமாகாணத்தில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி ஆகலாம் என்ற அறிவித்தல். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. போரில் உறுதி எரிந்தவர்கள், கடல் கடந்து போனவர்கள், காணியின் சொந்தக்காரர் உயிரோடு இல்லாத குடும்பங்கள் மூன்று மாதத்தில் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது? எதிர்ப்புக் கிளம்பி, அந்த வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. ஆனால் அதன் கேள்வி 1840இன் கேள்விதான்: இது வெறுங்காணி இல்லை என்று நீயே நிரூபி.

இதற்கு நேர் எதிரான மெய்யியல் ஒன்று உண்டு, அது இயற்கையின் பக்கம் நிற்பதாகத்தான் வரும். மனிதன் கைபடாத காடே உண்மையான இயற்கை, அதை மனிதனிடமிருந்து வேலி போட்டுக் காக்கவேண்டும் என்பது. 1872இல் அமெரிக்காவில் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவானபோது இந்தக் கருத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது. அங்கே காலங்காலமாய் வேட்டையாடி வாழ்ந்த பழங்குடிகளை வெளியே தள்ளித்தான் அந்த "மனிதரற்ற" காடு உருவானது. 1973இல் நோர்வே மெய்யியலாளர் ஆர்னே நெஸ், மனிதத் தேவைக்காக மட்டும் சூழலைக் காப்பது மேலோட்டமானது, ஒவ்வொரு உயிருக்கும் அதற்கே உரிய மதிப்பு உண்டு என்ற ஆழச் சூழலியலை முன்வைத்தார். அந்த அடிப்படையில் எனக்குக் குறை இல்லை. ஆனால் 1989இல் இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு கேள்வி கேட்டார்: அமெரிக்கக் காட்டுக் கனவை இந்தியாவுக்குக் கொண்டுவந்து புலிகளுக்குக் காப்பகம் அமைத்தபோது அதன் விலையைக் கொடுத்தது யார்? காட்டோரத்து ஏழைகள். பணக்காரர் காரில் வந்து புலி பார்த்துவிட்டுப் போனார்கள்.

குஹாவின் கேள்வியை வன்னிக்குக் கொண்டுவர அதிக தூரம் நடக்கத் தேவையில்லை. 1984 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பியது போர் முடிந்தபிறகு. கால் நூற்றாண்டுக்கு மேல். வன்னியின் மற்ற ஊர்களில் சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்குப் பத்து, பதினைந்து. ஆள் இல்லாத வயலுக்கு முதலில் நாயுருவியும் ஈச்சையும் வரும். பிறகு விடத்தல். பிறகு பறவை எச்சத்தில் வந்த வீரையும் நாவலும் தலை தூக்கும். பத்து வருடத்தில் வரம்பு எங்கே இருந்தது என்று கால்தான் கண்டுபிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த மரங்களை நட்டது போர். ஆனால் செய்மதிப் படத்தில் அது பச்சை. பச்சை என்றால் காடு. காடு என்றால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல். திரும்பி வந்தவர்கள் தங்கள் வயலுக்குள் இறங்கத் தடை என்ற முறைப்பாடுகள் வன்னி மாவட்டங்கள் எல்லாவற்றிலும் எழுந்தன, இன்னும் எழுகின்றன.

இலக்கண விதி இங்கேதான் எனக்குத் திரும்ப உதவுகிறது. வரைபடம் "இது காடு" என்கிறது. காணிக்காரர் "இது காடாய்ப் போனது" என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் இயற்கைப் பொருளுக்குரிய வாக்கியத்தைச் சொல்கிறார், மற்றவர் ஆக்கச்சொல்லைச் சொல்கிறார். ஆக்கம் சொன்னால் காரணமும் சொல்லவேண்டும் என்பது விதி. காரணம் என்னவென்று சொல்ல விரும்பாதவர்களுக்கு "இது காடு" என்கிற வாக்கியம் வசதி. 1840இன் சட்டம் சேனையில் இருந்த மனித உழைப்பை அழித்துவிட்டு "வீண்நிலம்" என்றது. வேலி போடுகிற காடு, ஓடிப்போன மனிதரின் காலடியை அழித்துவிட்டு "காடு" என்கிறது. ஒன்று காட்டை வெட்டச் சொல்கிறது, மற்றது காக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நிலம் காலியாய் இருக்கவேண்டியிருக்கிறது.

மடுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டுக்கு நடுவே மாதா கோயில். ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாய் வந்து மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுத் தங்குகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டுமில்லை, சைவர்களும் சிங்கள பௌத்தர்களும் இருப்பார்கள். மேற்குலகின் சூழல் நெருக்கடிக்கு வேர் கிறிஸ்தவத்தில் இருக்கிறது, பூமியை ஆளும்படி மனிதனுக்குச் சொன்ன வேதவாக்கு இயற்கையைச் சுரண்ட உரிமை தந்துவிட்டது என்று 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட் எழுதியது பெரிய விவாதமானது. 2015 ஜனவரி 14இல் மடுவுக்கு வந்துபோன பாப்பரசர் பிரான்சிஸ், அதே ஆண்டு ஜூனில் வெளியான சுற்றுமடலில் அந்த வாசிப்பை நேரடியாய் மறுத்தார்: ஆள்வது என்றால் அடக்கியாள்வது இல்லை, பராமரிப்பது, பூமி எல்லாருக்கும் பொதுவான வீடு. அதே ஜூன் மாதத்தில் மடுவீதிச் சரணாலயமும் சுண்டிக்குளமும் தேசியப் பூங்காக்களாயின. தற்செயல்தான். ஆனால் பொதுவீடு என்ற கருத்தும் பூங்கா என்ற கருத்தும் ஒரே மாதத்தில் ஒரே காட்டுக்கு வந்து சேர்ந்தது எனக்கு இன்னும் வியப்பு.

சைவர்களாகிய நாங்கள் இந்த விவாதத்தில் நல்லபிள்ளை வேடம் போடுவது சுலபம். திருவாசகத்துச் சிவபுராணத்தை வன்னியில் சின்னப் பிள்ளையும் பாடமாய்ச் சொல்லும். புல், பூண்டு, புழு, மரம், விலங்கு, பறவை, பாம்பு என்று எல்லாமாகவும் நான் பிறந்தேன் என்கிறது அது. இதைவிடப் பெரிய உறவு முறை எங்கே இருக்கிறது? உண்மைதான். ஆனால் அந்த வரிசையின் முடிவில் வருகிற சொல்லைக் கவனிக்கவேண்டும்: இளைத்தேன். புல்லாய் இருந்தது சொந்தம் கொண்டாடும் நினைவாய் இல்லை, களைத்துப்போய் விடுதலை கேட்கிற முறையீடாய் இருக்கிறது. சைவசித்தாந்தத்தில் உலகம் பொய்த்தோற்றம் இல்லை, மாயையிலிருந்து இறைவன் உயிர்களுக்கு அமைத்துத் தந்த உண்மையான இடம். ஆனால் உயிர் பக்குவப்பட்டுக் கடந்து போகவேண்டிய இடமும்கூட. புல்லையும் என் உறவென்று சொல்லும் அதே மூச்சில் என் படிக்கட்டு என்றும் சொல்கிறது. இந்த இரட்டைத்தன்மையை மறைத்துவிட்டு எங்கள் சமயத்தைச் சூழல் சமயமாய் விற்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஊரின் உண்மையான மெய்யியலைத் தேடினால் பெரிய கோயிலைவிடக் குளக்கட்டு நல்ல இடம். வன்னியின் சிறுகுளங்களை மேலிருந்து கீழாக நடந்து பார்த்தால் ஒழுங்கு விளங்கும். மேலே மழைநீர் வடிந்து வருகிற காடு. அதன் கீழே அலைகரை, கோடையில் மாடு மேயும் இடம். பிறகு குளம், கட்டு, துருசு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு), வான் (மிஞ்சின தண்ணீர் வழிகிற இடம்). கட்டுக்குக் கீழே வயல். வயலிலிருந்து வடிகிற தண்ணீரும் வான் பாய்கிற தண்ணீரும் அடுத்த குளத்துக்குப் போகும். மேற்குளம் கட்டை உயர்த்தினால் கீழ்க்குளத்துக்காரர் சண்டைக்கு வருவார். மேலே காட்டை வெட்டினால் மண் வந்து குளம் தூர்ந்துபோகும். இலங்கையின் உலர்வலயத்துத் தொடர்குளக் கிராம முறையை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆட்கள் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு வழக்கம்போலத் துருசுக் கதவு பழுதாய்க் கிடக்கிறதே என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டில் ஒரு மரத்தின் கீழே ஐயனார் இருப்பார். பல இடத்தில் ஒரு கல்லும் சூலமும்தான். வளந்துப் பானை வைத்துப் பொங்கி மடை போட்டுப் படைத்துவிட்டுத்தான் முக்கியமான காரியங்கள் தொடங்கும். வவுனியாவுக்குத் தெற்கே சிங்களக் கிராமங்களிலும் இவர் ஐயநாயக்க என்ற பெயரில் குளங்காக்கிற தெய்வம். மொழி மாறினாலும் வேலை மாறவில்லை. என் கவனம் அந்த வேலையில்தான். ஐயனார் குளத்துக்குச் சொந்தக்காரர் இல்லை, காவல்காரர். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் கட்டின்மேல் நிற்கிறார். கட்டு உடையாமல் ஊரைக் காக்கிறார், ஊர் அட்டகாசம் பண்ணாமல் குளத்தையும் காக்கிறார். செருப்போடு கட்டில் ஏறாதே, அலைகரையில் மரம் தறிக்காதே, குளத்தில் அசிங்கம் பண்ணாதே. 2017இல் நியூசிலாந்து வங்கானுயி ஆற்றைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்று, அதற்காகப் பேச அரசு தரப்பில் ஒருவரும் மாவோரி மக்கள் தரப்பில் ஒருவருமாய் இரண்டு காவலரை நியமித்தபோது உலகம் முழுவதும் புதுமை என்றார்கள். புதுமைதான், சட்டத்தில். ஆற்றுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பது எங்கள் அப்புமாருக்குப் புதுமையாய் இருந்திருக்காது. சட்டவலு இல்லாததுதான் எங்கள் ஐயனாரின் குறை. மணல் ஏற்றுகிற டிப்பர் லொறியை அவரால் மறிக்க முடியவில்லை.

சாமி மட்டும் காக்கவில்லை, கூட்டமும் காத்தது. பொதுச்சொத்தை ஒவ்வொருவரும் தன் இலாபத்துக்கு இழுத்து அழித்துவிடுவார்கள் என்று 1968இல் கரட் ஹார்டின் எழுதினார். மக்கள் தாங்களே விதி வகுத்து நீரையும் காட்டையும் பேணமுடியும் என்று எலினர் ஒஸ்ட்ரம் 1990இல் உதாரணங்களோடு காட்டினார், 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துப் பார்த்த இடங்களில் நம் நாட்டின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டமும் உண்டு. இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம், அதாவது கோடை நெல் விதைப்புக்கான கூட்டம், நடக்கும்போது வந்து பாருங்கள். அரசாங்க அதிபர் முன்னால், குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவாகும். எல்லா வயலுக்கும் காணாது. கிடைக்கிறதைப் பங்குபோடவேண்டும். சத்தம், வாக்குவாதம், பழைய கோபம் எல்லாம் இருக்கும். ஆனால் தண்ணீரின் அளவு முதலில், மனிதரின் ஆசை பிறகு என்ற வரிசை அங்கே மாறாது. பெரிய மெய்யியல் நூல்கள் வாதாடிப் பெற முயல்கிற வரிசை அது. அதேவேளை, குளத்தின் கீழ் காணி இல்லாத குடும்பத்துக்கு அந்தக் கூட்டத்தில் கதிரை இல்லை என்பதையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். 77க்குப் பிறகு வந்தவர்களில் பலர் இன்றும் அந்த வயல்களில் கூலிக்காரர்.

பங்கு என்பது எதுவரை நீளும் என்று ஒருமுறை சோதனை வந்தது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பது என்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். யாழ்ப்பாணத்தார் வேறு யாருமில்லை, சித்தப்பாவின் சொந்தத் தங்கச்சி அங்கேதான் இருக்கிறா. அவவின் கிணறு உப்பு. "குடிக்கிற தண்ணிக்கு இல்லையெண்டு சொல்லலாமோ" என்று ஒரு நாள் சொல்வார், மறுநாள் "சிறுபோகம் போச்செண்டால் நான் எதைத் தின்னுறது" என்பார். கடைசியில் கடல்நீரை நன்னீராக்குவது என்று முடிவாகி, தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தருகிற நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இதற்கும் வடமராட்சி கிழக்கு மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்திருந்தது, கழிவாய்த் திரும்புகிற கடும் உப்புநீரை நினைத்து. கடல்தானே, எவ்வளவும் கிடக்கிறதே என்று நினைத்தவர்களுக்கு மீனவர் சொன்னது, இறால்காரர் குளக்கட்டில் சொன்னதேதான்.

எங்கள் கையும் சுத்தமில்லை. போரில் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, பனையும் பாலையும் தறித்தோம், அது உயிர் தப்ப. ஆனால் போர் முடிந்தபிறகு ஆற்று மணலை இரவோடு இரவாக ஏற்றினது யார்? முதிரைக் குற்றியை விறகுக்குக் கீழே மறைத்துக் கொண்டுபோனது யார்? மரை இறைச்சி கல்யாண வீட்டுக்கு எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வந்து அழித்தார்கள் என்ற கதையை மட்டும் சொன்னால் ஐயனாரே சிரிப்பார்.

யானையைப் பற்றி எழுதாமல் வன்னிக் கட்டுரை முடியாது. அமெரிக்கக் காட்டு அதிகாரியாய் இருந்த ஆல்டோ லியோபோல்ட், இளமையில் தான் சுட்ட ஓநாயின் கண்ணில் பச்சைத் தீ அணைவதைப் பார்த்து மனம் மாறியவர். மனிதன் நிலத்தை வெல்ல வந்தவன் இல்லை, மண்ணும் நீரும் செடியும் விலங்கும் சேர்ந்த சமூகத்தில் ஒரு சாதாரண அங்கத்தவன் என்ற அவருடைய நில அறம் 1949இல் நூலாய் வந்தது. அவரை எனக்குப் பிடிக்கக் காரணம், அவர் கைபடாத காட்டில் இருந்துகொண்டு எழுதவில்லை. முந்தின ஆள் உழுது களைத்துக் கைவிட்ட பண்ணையை வாங்கி மரம் நட்டுக்கொண்டு எழுதினார். காடாய்ப் போனது அல்ல, காடாக்கினது. ஆனால் அவருடைய பண்ணைக்கு யானை வரவில்லை. கதிர் முற்றிய வயலில் இரவு முழுக்கப் பரண் கட்டி, வெடி கொளுத்தி, தொண்டை வறளக் கத்திவிட்டு விடியும்போது அரை ஏக்கர் மிதிபட்டுக் கிடப்பதைப் பார்ப்பவனிடம் நீயும் யானையும் ஒரே சமூகம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எங்கள் அப்பு யானை என்று பெயர் சொல்லமாட்டார். "பெரியவர் வந்திட்டார்" என்பார். பயமும் மரியாதையும் எரிச்சலும் அந்த ஒரு சொல்லில் இருந்தன. வன்னியின் நாட்டார் பாட்டுகளில் குருவிக்கு ஒரு சிந்து இருக்கிறது, பன்றிக்கு ஒரு பள்ளு இருக்கிறது. வயலை அழிக்கிறதைப் பற்றியும் பாடித்தான் பேசினார்கள்.

என் மாமா போர் முடிந்து சில வருடத்துக்குப் பிறகு தன் வயலுக்குத் திரும்பினார். பற்றைக்குள் கத்தியால் வழி வெட்டிக்கொண்டு போய், கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கால்களால் அளந்து வரம்பைப் பிடித்தார். விடத்தலையும் ஈச்சையையும் வெட்டி எரித்தார். நடுவயலில் ஒரு பாலைக் கன்று, தோளுயரம், அதை மட்டும் விட்டார். உழவு இயந்திரக்காரன் சுற்றி வளைக்கவேண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு காலபோகத்துக்கும் சண்டை பிடிக்கிறான். நிழல் விழுகிற இடத்தில் நெல் வெளுத்துப்போகிறது. ஏன் மாமா விட்டனீங்கள் என்று கேட்டேன். "அது வரேக்க நான் இங்க இல்லையே" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. போன வைகாசியில் அதில் முதல் முறை பழம் கண்டது. நாலைந்துதான். இரண்டைக் கிளி கொத்திவிட்டது.